குருத்வாராவுக்குள் போக 150 ரூபாய்: டெல்லி கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டமான அமிர்த உத்யானுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அக்ஷர்தாம் கோவில், தாமரைக் கோவில், தேசியப் போர் நினைவிடம், சீக்கியர்களின் பங்களா சாஹிப் குருத்வாரா ஆகியவற்றுக்கும் கிடையாது. இந்த ஐந்து இடங்களுக்கும் சேர்த்து 5,200 ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். வங்கியில் வேலை பார்க்கிறேன். யாரையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்வதும் என் வேலையில் சேர்த்திதான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, மனைவி, ஒன்பது வயது மகளோடு டெல்லியில் இறங்கினோம். கரோல் பாக்கில் ஒரு விடுதி. பெட்டியை அறையில் வைத்துவிட்டுக் கீழே வந்தபோது, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்று, “வணக்கம் சார், சென்னையா?” என்றார். திருச்சி என்றேன். “ஓ, ஸ்ரீரங்கம்!” என்று கைகூப்பினார். அவருக்குத் தெரிந்த தமிழ் அத்தோடு தீர்ந்தது. அந்த நாலு வார்த்தையிலேயே நான் விழுந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார், எல்லா இடத்துக்கும் ‘எண்ட்ரி பெர்மிட்’ அவர் பொறுப்பு என்று பேச்சு. ஒரு தாளில் எழுதிக் காட்டினார். காருக்கு 5,000. பிறகு ஆளுக்கு அமிர்த உத்யான் 500, அக்ஷர்தாம் 350, தாமரைக் கோவில் 200, குருத்வாரா 150, போர் நினைவிடம் 100. நான்கு பேருக்குப் பெருக்கி, கூட்டி, 10,200. மகளுக்கும் முழுக் கட்டணம். யுபிஐ அன்று வேலை செய்யவில்லையாம்; ரொக்கமாகக் கொடுத்தேன். அந்தத் தாளில் நிறுவனப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது. (இந்திய சுற்றுலாத் துறையின் உண்மையான அலுவலகம் ஜன்பத் சாலையில் 88ஆம் எண் கட்டடம். இது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும்.)

முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். “சோறு போடுகிற இடத்தில் காசு வாங்குவார்களாடா?” என்று குருத்வாராவைப் பற்றிக் கேட்டார். டெல்லியில் எல்லாம் அப்படித்தான் அம்மா என்று அடக்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அமிர்த உத்யான். 2023 வரை முகல் தோட்டம் என்று பெயர். குளிர்காலம் முடிகிற நேரத்தில் சில வாரங்கள் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 35ஆம் எண் வாயிலில் வரிசையில் நின்றோம். எங்கள் கையில் பெயரும் நேரமும் அச்சிட்ட தாள். முன்னால் நின்ற குடும்பத்தின் கையிலும் அதே மாதிரித் தாள். பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, நீங்களும் 500 ரூபாய்தான் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண்மணி முதலில் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தார். குடியரசுத் தலைவர் மாளிகையின் இணையதளத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் கொடுத்தால் இலவசமாக வரும் சீட்டு அது. முன்பதிவு செய்யாமல் வருகிறவர்களுக்கு வாயிலருகே எந்திரமே வைத்திருக்கிறார்கள். என் தாள் அச்சடித்த கூலி 2,000 ரூபாய்.

உள்ளே டூலிப் மலர்கள் பாத்தி பாத்தியாகப் பூத்திருந்தன. அழகுதான். நான் ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வெளியே வந்து ஓட்டுநரிடம் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது, வண்டி ஓட்டுவது மட்டும்தான் வேலை என்றார். அப்போதே இறங்கிப் போயிருக்க வேண்டும். காருக்குக் கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்று உட்கார்ந்தேன். அடுத்து குதுப் மினார். நாங்கள் போனவற்றில் உண்மையிலேயே காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் எங்களையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெரியவர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அரசாங்கமே என் மகளிடம் காசு வாங்கவில்லை.

பிறகு கடை. ‘அரசு எம்போரியம், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்றார் ஓட்டுநர். ஒன்றரை மணி நேரம் போயிற்று. தேநீர் கொடுத்து, கம்பளங்களை விரித்து, கடைசியில் அம்மாவின் தோளில் ஒரு ‘பஷ்மினா’ (காஷ்மீர் ஆட்டுக் கம்பளி) சால்வையைப் போர்த்திவிட்டார்கள். 6,500 சொல்லி 4,000க்கு இறங்கியபோது நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பெயரில்தான் அரசு, கடை தனியாருடையது. உண்மையான மாநில அரசு எம்போரியங்கள் பாபா கரக் சிங் சாலையில் வரிசையாக இருக்கின்றன. நம் பூம்புகாரும் அங்கே உண்டு. வீட்டுக்கு வந்து சால்வையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வர வேண்டும். பிளாஸ்டிக் வாடை வந்தது, நூல் முனை உருகி மணியாகத் திரண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தினி சௌக் போய் ‘தௌலத் கி சாட்’ வாங்கித் தருவதாக மகளுக்குச் சொல்லியிருந்தேன். பால் நுரையைக் கடைந்து எடுத்துக் குங்குமப்பூ தூவித் தருவது. வெயில் ஏறினால் நுரை தங்காது என்பதால் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். அங்கே பகலில் வண்டி விடமாட்டார்கள் என்று சொல்லி ஓட்டுநர் மறுத்துவிட்டார். பிரதான சாலையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருப்பது உண்மைதான். ஆனால் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எங்களுக்கு இன்னொரு கம்பளக் கடை கிடைத்தது.

பங்களா சாஹிபில் செருப்பு வைக்கும் இடத்தில்கூடக் காசு வாங்கவில்லை. தலைக்குக் கட்டத் துணி கொடுத்தார்கள், பந்தியில் உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

இரவு விடுதியில் கேட்டபோது, அந்த ஆளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான 1363 உதவி எண்ணை அங்கேயே அழைக்கப் போகிறேன் என்று சொன்னேன். சம்பந்தமில்லாத அந்த ஆள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றார், முனகினார், 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்திருக்கிறேன். அங்கே தமிழிலும் பேசலாம். ரசீது கேட்டார்கள். என்னிடம் இருப்பது அந்த முத்திரைத் தாள்தான்.

திங்கட்கிழமை இரவுதான் ரயில். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோவில் எல்லாம் திங்களன்று விடுமுறை, போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலையிலேயே கரோல் பாக்கில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, சாந்தினி சௌக்கில் இறங்கினோம். கினாரி பஜார் சந்தில் நுரைக்காரர் இருந்தார். மகள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். இரண்டு நாள் காரில் பார்த்ததைவிட அந்த ஒரு காலையில் டெல்லியை அதிகம் பார்த்தோம்.

சால்வையைத் திருப்பி அனுப்பலாம் என்றால் கடைக்காரர் போனை எடுப்பதில்லை. இப்போது அம்மா அதைக் கிரைண்டருக்குப் போர்த்தி வைத்திருக்கிறார்.