ஓசூர்–பீன்யா கான்பன் அட்டை: நெடுநாள் ஓட்டியபின் தெரிந்தவை

ஓசூர் சிப்காட்டில் லேத்தில் டர்னிங் ஆகும் ஸ்டீல் புஷ் (உருளை வடிவ உள்ளீடற்ற பாகம்), பெங்களூரு பீன்யாவில் அசெம்பிளி லைனுக்குப் போகிறது. கான்பன் என்றால், ஒவ்வொரு கிரேட்டிலும் ஓர் அட்டை; கிரேட்டை எடுக்கத் தொடங்கியதும் அட்டை கழன்று சப்ளையருக்குப் போகும், அதுவே அடுத்த கிரேட்டுக்கு ஆர்டர். மாத ஆர்டரை விட்டுக் கான்பன் அட்டைக்கு மாறுவது இரு தரப்புக்கும் லாபம்தான், அட்டை ஒழுங்காகச் சுழலும்வரை.

ஒரே ஷிஃப்டில் நாளுக்கு 400 புஷ். அட்டை கழன்று, நிரம்பிய கிரேட் லைனுக்கு வர 2 நாள். பாதுகாப்புக்கு 25 சதவீதம் கூட்டினால் 1,000. கிரேட்டுக்கு 50 வீதம் 20 அட்டை. பயத்தில் கூடுதலாக அட்டை அடித்தால் பழைய குடோன்தான் திரும்பி வரும்.

பெரும்பாலும் சறுக்குவது அட்டையைக் கழற்றும் நேரத்தில். கிரேட்டிலிருந்து முதல் புஷ்ஷை எடுக்கும்போதே கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். காலியானபின் கழற்றினால் ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் மாலை வண்டி கிளம்பிவிட்டால் ஒரு நாளே போச்சு. இரண்டாவது, ரிஜெக்‌ஷன். 4 புஷ் கழிந்தால் கையில் 46. அட்டையோ 50 என்கிறது. கழிந்ததைச் சிவப்புப் பெட்டியில் போட்டு, அன்றே போட்டோவுடன் ஓசூருக்குச் சொன்னால் மறுநாள் வண்டியில் ஈடு வரும்.

காலி கிரேட்டுக்கு ஆர்ஜிபி (திரும்பி வர வேண்டிய பொருளுக்கான கேட் பாஸ்) கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் அதில் போல்ட் ஏறிவிடும், சில இடங்களில் ஆளே ஏறி உட்கார்ந்திருப்பார்.

வண்டிக்கு நெரிசலான சில்க் போர்டு சந்திப்பு வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நைஸ் ரோடு பிடித்துத் துமகூரு சாலைக்கு வருவது, டோல் கொடுத்தாலும், நேரத்துக்கு நம்பகமானது. சரக்கு ₹50,000 தாண்டினால் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டி மாறினால் அந்த பில்லின் பார்ட்-பி-யில் வண்டி எண்ணை மாற்ற மறப்பவர்கள் அதிகம்.

வாங்குபவர் ஸ்டாக் குறைந்துவிட்டது என்று மட்டும் பார்க்காதீர்கள். மாதக் கடைசியில் இரு பக்க ஸ்டாக்கையும் ஒரே தாளில் கூட்டுங்கள். பீன்யாவில் இறங்கிய அளவு ஓசூரில் ஏறியிருந்தால், சப்ளையர் தலையில் வட்டி ஏறியிருக்கிறது, அவ்வளவே. பேமென்ட்டும் அப்படித்தான். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளே உச்சம், இல்லையென்றால் 15. கெடு தாண்டி நிதியாண்டு முடிவிலும் பாக்கி நின்றால், வாங்குபவர் வருமான வரியில் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது.

இன்னொன்று: புஷ்ஷின் டிராயிங் ரிவிஷன் (வடிவமைப்பு) மாறினால் சுழற்சியில் நிற்கும் 1,000 புஷ்ஷுக்கு யார் பணம் தருவது என்பதை முதல் அட்டை அடிக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.