காரைக்குடிப் பக்கம் ஒரு தோப்பு வீடு: வெயில் ஏறும் முன்னால் போய்விடுங்கள்

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தையில்தான் போகிறார்கள், கானாடுகாத்தான் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். நாங்கள் பங்குனிக் கடைசியில் குடும்பத்தோடு போனோம், தங்கினது ஆத்தங்குடி போகிற வழியில் தோப்புக்குள் இருக்கிற ஒரு சின்ன ஓட்டு வீட்டில். ஒரு அறை, ஒரு அடுப்படி, மூன்று பக்கம் தாழ்வாரம், பக்கத்தில் கிணறு. ஏசி கிடையாது. அதைக் கேட்டவுடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், இந்த மாதத்தில் அது தேவைப்படவே இல்லை.

காரணம் கூரையும் தரையும். உயரமான நாட்டு ஓட்டுக் கூரை, கனமான சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள், கண்ணாடியில் பட்ட பக்கத்துக்குத்தான் அந்த வழவழப்பு. பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, நின்று பார்க்கலாம். மத்தியானம் பாய்கூட விரிக்காமல் அந்தத் தரையில் படுத்த என் மாமனார் நாலரை மணிக்குத்தான் எழுந்தார்.

காலையில் முற்றமெல்லாம் வேப்பம்பூ. சமையல் செய்கிற அக்கா மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்து, விழுகிற பூவைச் சேர்த்துக் காயவைக்கிறார், வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகுமாம். பனை ஏறுகிறவர் வந்தால் ஓலைப் பட்டையில் பதநீர், அதிலேயே இளநுங்கை வழித்துப் போட்டுக் குடிக்க வேண்டும். கேட்டால் வாங்கித் தருவார்கள், ஆனால் விடியற்காலையில் எழுந்து வரவேண்டும், வெயில் ஏறினால் அந்த ருசி இல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் வெளியூர்க்காரர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று கோழி, நண்டு, சுக்கா என்று இலை நிறையப் போட்டுவிட்டார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த வெயிலுக்கு அது தாங்காது. "அக்கா, உங்க வீட்டுல இன்னைக்கு என்னவோ அதையே எங்களுக்கும் போடுங்க" என்று கேட்டோம். "அட, அது நல்லாருக்குமா தம்பி?" என்று தயங்கினார். மறுநாள் காலையில் மண்சட்டியில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், வறுத்த மோர்மிளகாய், அந்த வருஷத்து மாவடு. மத்தியானம் அரிசி கழுவின தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி. சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். ஆழாக்குப் பச்சரிசி அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து ஊறப்போடுவதுதான் கணக்கு, அதற்குமேல் உளுந்து போனால் எண்ணெய் குடிக்கும் என்றார். செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரமும் கறியும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சாப்பாட்டை ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தயவுசெய்து நீங்களாகவே கேளுங்கள், கேட்காமல் அது இலைக்கு வராது.

குறைகளும் உண்டு. குளியலறை வீட்டுக்கு வெளியே தள்ளி இருக்கிறது, ராத்திரியில் வயதானவர்களுக்குச் சிரமம், வழியில் ஒரு விளக்காவது போட்டிருக்கலாம். பொழுது சாய்ந்தால் கொசு. கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டுப் படுக்க ஆசைப்பட்டால் கொசுவலை நீங்களே கொண்டுபோக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் அளவே சாப்பாட்டுக் காசு வாங்குகிறார்கள், அது நியாயமாகப் படவில்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் காரைக்குடியில் இறங்கும்போது ராத்திரி ஆகிவிடும், வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பங்குனி பாதியிலிருந்து சித்திரை முதல் வாரம் வரை சரியான காலம். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் ஓடு ராத்திரி வரைக்கும் சூட்டை விடாது, அப்போது இந்த வீட்டுக்குப் போகச் சொல்லமாட்டேன்.