"மெஷின் சும்மா வச்சுக்கோங்க அண்ணே": லேப் வைத்திருப்பவர்களுக்கு

தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு லேப் நடத்துகிறேன். பெரிய அனலைசருக்கு வசதியில்லாததால் தைராய்டு சாம்பிளை மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம், சாம்பிள் விட்ட கார்டைப் படித்துத் தைராய்டு அளவு சொல்லும் சின்ன மெஷினோடு (ரீடர்) ஒரு டீலர் வந்தார். "ரீடருக்குக் காசு வேண்டாம் அண்ணே, மாசம் ரெண்டு பெட்டி கார்டு எடுத்தாப் போதும்" என்றார். டெபாசிட் பதினைந்தாயிரம். ஒரு வருஷ அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மெஷினுக்கு வாங்காத காசைக் கார்டில் எடுப்பார்கள் என்று தெரியும். அதில் ஏமாறவில்லை.

டெங்கு கார்டில் கோடு கண்ணுக்குத் தெரியும். இந்த ஃப்ளோரசன்ஸ் கார்டில் தெரியாது. ரீடர் உள்ளே ஒளி பாய்ச்சி, டெஸ்ட் கோடும் கண்ட்ரோல் கோடும் எவ்வளவு ஒளிர்கின்றன என்று அளக்கும். அந்த விகிதத்தை டிஎஸ்ஹெச் (தைராய்டு கோளாறைக் காட்டும் ஹார்மோன்) எண்ணாக மாற்றும் கணக்கு, பெட்டியோடு வரும் சின்ன சிப்பில் இருக்கிறது. லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு தடவை தயாராகும் தொகுதிக்கும், கணக்கு வேறு. சில மாடல்கள் கார்டின் பார்கோடைப் படித்து, சிப் பொருந்தாவிட்டால் நின்றுவிடும். எனக்குத் தந்த மெஷினில் அந்த வசதி இல்லை.

மூன்றாவது தடவை வந்த பெட்டியில் சீல் பிரித்து செலோடேப் ஒட்டியிருந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை, என் தப்புதான். ஒரு அம்மாவுக்கு டிஎஸ்ஹெச் 11.2 வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டு மதுரைக்கு அனுப்பச் சொன்னார், அங்கே 3.1. அதற்குப் பிறகுதான் கார்டு உறையில் இருந்த லாட் நம்பரையும் சிப்பில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு. டீலர் இருபத்தைந்து கார்டுப் பெட்டியைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் சின்ன லேப்களுக்குக் கொடுத்திருக்கிறார். பெட்டிக்கு ஒரு சிப்தானே, மிச்சத்துக்குக் கையில் கிடந்த பழைய சிப்பைப் போட்டுவிட்டார்.

அதற்குள் ஒன்பது பேருக்கு ரிப்போர்ட் போயிருந்தது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, என் செலவில் மறுபடி ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். ஒருவர் மாத்திரையே போட ஆரம்பித்திருந்தார். அவரிடம் பேசிய அந்தப் பத்து நிமிஷம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சீல் பிரிந்த பெட்டியை வாங்காதீர்கள். புதுப் பெட்டி திறந்தால் முதல் கார்டில், மதிப்பு தெரிந்த கண்ட்ரோல் சீரத்தை ஓட்டுங்கள். ஒரு கார்டு வீணாகிறதே என்றுதான் நானும் விட்டேன்.

டெபாசிட் கேட்டால், "வருஷம் முடியட்டும் அண்ணே" என்கிறார். மெஷின் சென்ட்ரிஃப்யூஜ் பக்கத்தில் துணி போர்த்திக் கிடக்கிறது. தைராய்டு சாம்பிள் பழையபடி மதுரை பஸ்ஸில் போகிறது.