முட்டைக் கணக்கு பார்த்தால் சிறுவிடை தோற்றுவிடும்

அப்பத்தா வீட்டில் பஞ்சாரம் கவிழ்த்துப் பழகிய காலத்திலிருந்து கோழி இல்லாத வீட்டில் நான் இருந்ததில்லை. மணப்பாறைப் பக்கம் எங்கள் கொல்லையில் வனராஜா, கடக்நாத், அசீல், கிராப்பு என்று பலதும் மேய்ந்திருக்கின்றன. இப்போது மிச்சம் இருப்பது சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழி மட்டும்தான். புதிதாக வாங்க நினைப்பவர்கள் காரணம் கேட்கிறார்கள், விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முட்டையில் சிறுவிடை சுமார்தான். நன்றாகக் கவனித்தாலும் வருடத்துக்கு 60 முதல் 80. நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் 300ஐத் தொடும். ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா இரண்டுக்கும் நடுவில் நிற்கும்; எடையும் சீக்கிரம் போடும். ஆனால் என்னிடம் இருந்த வனராஜாக்கள் அடைக்கு உட்காரவே இல்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் இன்குபேட்டர் வாங்கிவிட்டு கரண்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். சிறுவிடையிடம் அந்தத் தொல்லை கிடையாது. ஒரு டஜன் முட்டைக்கு மேல் இட்டதும் தானே கூடையில் படுத்துக்கொள்ளும். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். கோழி வளர்ப்பில் எனக்குப் பிடித்த கட்டமே இதுதான்.

அடை வைக்க அகலமான கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல் போதும். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கும் முட்டைகளாகப் பார்த்து வையுங்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று அப்பத்தா ஒரு கரித்துண்டு, இரும்புத் துண்டு, வற்றல் மிளகாய் மூன்றையும் கூடையில் போடுவார். நானும் போடுகிறேன், நம்பிக்கை பாதி பழக்கம் பாதி. ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் கரு ஓடியதில் சிவப்பு நரம்பு தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். தாய்க்கோழி அவ்வப்போது எழுந்து தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்ளும். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தால் முட்டை ஆறாது. 21ஆம் நாள் குஞ்சு பொரியும். கடும் கோடையில் மட்டும் அடை வைக்காதீர்கள், பொரிப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

குஞ்சுகளுக்குக் கரையானை மிஞ்சிய தீனி இல்லை. பழைய பானையில் வைக்கோல், சாணம், கிழிந்த சாக்கு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைந்திருக்கும். செலவே இல்லை. பருந்து வட்டமடிப்பதை நாம் பார்ப்பதற்குள் தாய் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்த்துவிடும். கீரியிடம்தான் அதன் பாச்சா பலிக்காது. இரவுக் கூண்டில் சந்து இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

உண்மையான எதிரி வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். வந்தபின் மருந்து கிடையாது, கொல்லையே காலியாகிவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கண் சொட்டாக, எட்டாவது வாரத்தில் இறக்கையில் தடுப்பூசி, இரண்டையும் தவறவிடக் கூடாது. எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைதோறும் போடுகிறார்கள். மருந்தைக் கரைத்துவிட்டால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும் என்பதால் தெருக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. பக்கத்து வீட்டுக் கோழிக்கு வந்தால் நம்முடையதற்கும் வரத்தானே செய்யும்?

மற்றவை பற்றிச் சுருக்கமாக. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி. 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலை எகிறியது. கொடுத்த காசுக்கு எனக்குத் திருப்தி இல்லை. அசீல் நல்ல தாய்தான், ஆனால் கனம் அதிகம், முட்டையை மிதித்து உடைக்கும். இரண்டு சேவல் இருந்தால் ரத்தம் பார்க்காமல் விடாது.

சிறுவிடையிலும் குறை உண்டு. லேசான உடம்பு என்பதால் முருங்கை மரத்தில் ஏறித் தூங்கும், கீரைப் பாத்தியை ஒரே காலையில் கிளறிவிடும். வேலி இல்லாத வீட்டுக்கு, பொறுமை இல்லாத அண்டை வீட்டாருக்கு இது ஒத்துவராது. தினமும் ஆம்லெட்டுக்கு முட்டை வேண்டும் என்பவர்களும் வேறு ரகம் பார்க்கலாம்.

வாங்கும்போது குஞ்சாக வாங்காதீர்கள். சிறுவிடை என்று சொல்லி ஒரு வியாபாரி என் தலையில் கட்டிய குஞ்சுகள் வளர்ந்தபின் பார்த்தால் கலப்பினம். அசல் பெட்டை சாதாரணமாக ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. முட்டையிடத் தொடங்கிய இளம் பெட்டையாகப் பார்த்து, முடிந்தால் அதன் தாய் குஞ்சுகளோடு மேய்வதையும் பார்த்து வாங்குங்கள். எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.