காற்று வேகம் சொல்ல என் பெயர் எதற்கு?

கடல் வானிலை பார்க்கும் செயலி ஒன்றை மூன்று மாதம் வைத்திருந்து, போன வாரம் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். செயலியின் பெயரை எழுதப் போவதில்லை. உங்கள் போனில் இருப்பதும் இதே கேள்விகளைக் கேட்டால், இதை அதற்கும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் தென்கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர். டீசல், ஐஸ், வலைச் செலவு என்று கணக்கு நோட்டு முழுக்க என் கையெழுத்துதான். வீட்டில் நல்ல போன் என்னிடம் மட்டும் இருப்பதால் காற்று பார்த்துச் சொல்வதும் நான்தான். இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, விடிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை. நான் சொல்வதை மட்டும் நம்பி அப்பா படகை அவிழ்க்க மாட்டார். வாசலுக்கு வந்து பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆனாலும் என்னிடம் கேட்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

மீன் ஏலம் போடும் இடத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துதான் செயலியை இறக்கினேன். 'முற்றிலும் இலவசம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விடிகாலை மூன்று மணிக்குத் திறந்தால் காற்றும் இல்லை, அலையும் இல்லை. முதலில் மொபைல் எண் கேட்டது. ஓடிபி வந்தது. அப்புறம் பெயர், பிறந்த தேதி, ஊர், தொழில், படகு இருந்தால் அதன் பதிவு எண். ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிட எங்கேயும் ஒரு பட்டன் இல்லை. அப்பா தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறார். "என்னம்மா, காத்து எப்படி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

பெயர் கேட்ட இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர். எனக்கு இருப்பது ஒரே பெயர், முன்னால் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தை இரண்டாவது கட்டத்தில் போட்டால் ஏற்கவில்லை, மூன்றெழுத்தாவது வேண்டுமாம். யோசிக்க நேரம் இல்லாததால் எங்கள் படகின் பெயரை அங்கே எழுதி உள்ளே போனேன். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

வேலையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். காற்று வேகம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு வாரம் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்து, அப்பா திரும்பி வந்ததும் கேட்டுக்கேட்டு ஒப்பிட்டேன். ஏழு நாளில் ஐந்து நாள் பொருந்தியது. தமிழ்தான் மோசம். 'வீக்கம் 1.4 மீட்டர்' என்று ஒருநாள் வந்தது. தூரத்திலிருந்து உருண்டு வரும் நீண்ட அலையைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதற்கே நேரம் ஆனது. அப்பாவிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய குறை, ராமேஸ்வரம் என்று மொத்தமாக ஒரே கணிப்பு. பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வீசினால் அப்படியே மாறிப் போகும். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. என் பிறந்த தேதியைக் கேட்ட செயலி, எங்கள் படகு எந்தக் கடலில் நிற்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பட்டியலில் ஒன்றைத் தொட்டிருப்பேன், வேலை முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக அது கேட்டது இருப்பிட அனுமதி, அதுவும் 'எப்போதும்'. இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

கடலில் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். நல்ல மீன்பாடு கிடைத்த அன்று கரையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்று "எந்தப் பக்கம்ண்ணே போட்டீங்க?" என்று கேட்பார்கள். அப்பா "அந்தப் பக்கந்தான்" என்று கையை வீசிவிட்டு வலையை உதறிக்கொண்டிருப்பார். கடலுக்கு அடியில் மீன் அடையும் பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம், எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பது தாத்தா அவருக்குக் காட்டிக் கொடுத்தது. கரையில் தெரிகிற கலங்கரை விளக்கத்தையும் இன்னொரு அடையாளத்தையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து, வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிற இடம். இப்போது ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருக்கிறார், அதையும் கரைக்கு வந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். கூடப் பிறந்த சித்தப்பாவுக்கே சில இடங்களைச் சொன்னதில்லை. போன் பிளாஸ்டிக் பைக்குள் அப்பாவோடு கடலுக்குப் போகும் நாட்களும் உண்டு. நான் அன்றைக்கு 'எப்போதும்' என்று தொட்டிருந்தால், தாத்தா காலத்திலிருந்து காத்து வைத்த இடமெல்லாம் யாருடைய கணினியிலோ புள்ளி புள்ளியாக ஏறியிருக்கும். 'வேண்டாம்' என்று தொட்டேன். அதற்கப்புறம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. தொடர்புகளில் இருக்கும் எண்களையும் கேட்டது, அதையும் கொடுக்கவில்லை. என் போனில் இருக்கும் பெண்களின் எண்களைக் கொடுக்க நான் யார்?

மூன்றாவது வாரம் அழைப்புகள் ஆரம்பித்தன. "மேடம், படகு எஞ்சினுக்கு லோன் வேணுமா?" அடுத்த நாள் வலைக்கு லோன். அப்புறம் இன்சூரன்ஸ். ஒருவன் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டான். எண் எங்கே கிடைத்தது என்று கேட்டால் வைத்துவிடுவார்கள். ஒருநாள் பேசிய பெண், "நீங்கதானே..." என்று என் பெயரையும் சேர்த்து எங்கள் படகின் பெயரையும் வாசித்தாள். அப்படிச் சேர்த்து நான் எழுதியது அந்த இரண்டு கட்டங்களில் மட்டும்தான். என் ரேஷன் அட்டையில் அது இல்லை, வங்கிக் கணக்கில் இல்லை, வேறு எங்கேயும் இல்லை. போனை வைத்த பிறகும் எனக்குக் கை நடுங்கியது.

மதுரையில் சட்டம் படிக்கும் தம்பியிடம் சொன்னேன். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததைச் சொன்னான். பிறகு 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினான். சேவைக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் சம்மதம் செல்லும் என்கிறது. அதில் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். மருத்துவ ஆலோசனை தரும் ஒரு செயலி தொடர்பு எண்களையும் கேட்கிறது, பயனாளர் சரி என்று சொல்லியும் விடுகிறார், ஆனாலும் ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குச் செல்லாது. விதிகள் 2025 நவம்பரில் வந்திருக்கின்றன, படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருமாம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மூன்று மணிக்கு வாசலில் ஆளை நிறுத்திவைத்து வாங்குகிற சம்மதம் என்ன சம்மதம்?

இப்போது நான் பார்ப்பது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் வலைத்தளம். 1999இல் தொடங்கியது, இப்போது மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாம் எண்ணும் கேட்காமல், பெயரும் கேட்காமல் திறக்கும். மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்பும் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்துச் சொல்வதால் மேகம் மூடிய நாட்களில் கிடைக்காது. தளம் அழகாக இல்லை, சின்னத் திரையில் விரலால் இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பரவாயில்லை. அதோடு கடல் ஓசை 90.4 இருக்கிறது, எங்கள் பாம்பனிலிருந்தே 2016 முதல் ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி. யார் கேட்கிறார்கள் என்று வானொலிப் பெட்டி யாருக்கும் சொல்லாது. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான், கண் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காற்றுச் செய்தியை ஒரு பூட்டுக்குப் பின்னால் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செயலியை நீக்கினால் மட்டும் போதாது, கணக்கையும் அழிக்கச் சொல்ல வேண்டும். கணக்கு தொடங்க வைக்கும் செயலி, அதை அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது ப்ளே ஸ்டோரின் விதி. இதில் அந்த வழி அமைப்புகளின் அடியில், உதவி என்ற தலைப்புக்குள், நான்காவது பக்கத்தில் இருந்தது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவம். அதிலும் மொபைல் எண். 1909க்குச் சொல்லி விளம்பர அழைப்புகளையும் நிறுத்தச் சொன்னேன்.

ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று கொடுக்கிறேன், அந்த ஒன்றும் காற்று வேகத்துக்காக. கணக்கை அழித்துவிட்டதாக மின்னஞ்சல் வந்து ஆறு நாள் ஆகிறது. நேற்று மதியம் ஐஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மறுபடி ஒரு புது எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். என் பெயர், அதோடு படகின் பெயர்.