டோக்கியோ நிஷிகசாய்ல நான் போற பழைய சூஷி கடை: மீன் சூப்பர், புகை தாங்கல

ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான், "மச்சி, ஊர்லேர்ந்து அக்கா குடும்பம் வருது, நீ எப்பவும் போவியே அந்த சூஷி கடை, அங்க கூட்டிட்டு வரட்டுமா"னு. வேணாம்டான்னு சொன்னேன். இத்தன வருஷமா அதையே புகழ்ந்து காத அறுத்தியேன்னு சண்டைக்கு வர்றான், அவனுக்காகத்தான் இத எழுதறேன்.

கடை பேர் சொல்லமாட்டேன். சின்ன கவுண்டர், ஓரமா ரெண்டு டேபிள், தாய்ஷோவும் (கடை ஓனர்தான், சூஷி பண்றதும் அவர்தான்) அவர் சம்சாரமும் மட்டும்தான், ரெண்டு பேருக்குமே எழுபது தாண்டியிருக்கும். கார்டு கிடையாது, கேஷ்தான். ஞாயிறும் புதனும் லீவு, டோக்கியோவோட பெரிய மீன் சந்தை, டொயோசு மார்க்கெட், ஞாயித்துக்கிழமையும் நிறைய புதன்கிழமைகளும் மூடியிருக்கும்ல, அன்னிக்கு பழைய மீன வெச்சு ஒப்பேத்த மாட்டேங்கறாரு. இதெல்லாம் எனக்கு ஒரு குறையே இல்ல.

நான் போறதே கொஹதாவுக்காக. சின்ன வெள்ளி கலர் மீன், நம்ம மத்திக்கு ஒரு வகையில சொந்தம்தான். டூனா மாதிரி வெட்டி சோத்து மேல வெச்சா முடிஞ்சுதுன்னு கிடையாது, வயித்த கீறி விரிச்சு, உப்பு தூவி, கழுவி, அப்புறம் வினிகர்ல போடணும், எவ்ளோ நேரம்ங்கறது மீன் சைஸ், அதுல இருக்கற கொழுப்பு, அன்னிக்கு அடிக்கிற வெயில் எல்லாத்தையும் பொறுத்தது. ஃப்ரிட்ஜ் இல்லாத எடோ காலத்துல (டோக்கியோவுக்கு எடோன்னு பேர் இருந்தப்போ) மீன் கெடாம இருக்க பண்ண வேலை, இப்போ அந்த வேலைக்காகத்தான் நாம காசு குடுக்கறோம். தோல் மேல மெல்லிசா ரெண்டு கீறல் போட்டு, வெதுவெதுன்னு இருக்கற சோத்துல வெச்சு அழுத்தி முன்னாடி வெப்பாரு, முதல்ல புளிப்பு, அப்புறம் உப்பு, கடைசியில மீனோட எண்ணெய் நாக்குல நிக்கும். கோடையில இதோட குட்டி, ஷின்கோன்னு வரும், ஒரு பீஸ்க்கே ரெண்டு மூணு மீன் அடுக்கணும், விலை மட்டும் போர்டுல இருக்காது, பில்லுலதான் தெரியும்.

இப்படி ஒரு மீன வாயில போடற அதே செகண்ட், பக்கத்து சீட்டு தாத்தா சிகரெட்ட பத்த வெப்பாரு பாருங்க.

2020 ஏப்ரல்லேர்ந்து ஜப்பான்ல ஹோட்டலுக்குள்ள சிகரெட்டுக்கு தடை. ஏற்கெனவே நடந்துட்டிருந்த சின்ன கடைகளுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க. டோக்கியோல இன்னும் இறுக்கி, வேலைக்கு ஆள் வெச்சிருந்தா அந்த விலக்கும் இல்லன்னு ஆக்கிட்டாங்க. நம்ம கடைல சம்பளத்துக்கு யாரு இருக்கா, புருஷன் பொண்டாட்டிதானே, இங்க சிகரெட் பிடிக்கலாம்னு வாசல்ல ஸ்டிக்கர ஒட்டிட்டாங்க, கதை முடிஞ்சுது. அதுலயே இன்னொண்ணும் போட்டிருக்கு, 20 வயசுக்கு கீழ இருந்தா உள்ள வரக்கூடாதுன்னு. அக்கா பசங்கள எங்கடா நிறுத்துவ, சைக்கிள் ஸ்டாண்ட்லயா? என் பொண்ணும் இதுவரைக்கும் உள்ள போனதே இல்ல. அந்தம்மா பாவம், பொண்ணுக்குன்னு முட்டை தமாகோவ பார்சல் கட்டி குடுப்பாங்க, அந்த பேப்பர்லயும் புகை நாத்தம்.

சூஷி கடைக்கு சென்ட் அடிச்சுட்டு போகாதன்னு ஊரே அட்வைஸ் பண்ணும், மீன் வாசனை கெட்டுடுமாம்! மால்போரோ வாசனைல கெடாதாமா?

தாய்ஷோகிட்டயே ஒரு தடவ கேட்டுட்டேன். அவர் சிகரெட்ட தொடறதே இல்ல. "கொரோனா அப்போ தெனமும் பார்சல் வாங்கி கடைய காப்பாத்தினது இவங்கதான், இப்போ வெளிய போய் பிடிங்கன்னு எப்படி சொல்றது"ன்னாரு. நியாயம்தான், பதில் சொல்ல வாய் வரல. ஆனா நேத்து போட்ட சட்டைய தோய்ச்சும் இன்னும் நாறுது, அதனால நியாயத்த அப்புறம் பாத்துக்கலாம், இன்னிக்கு என் ரேட்டிங் ரெண்டு ஸ்டார்தான், யாரும் போகாதீங்க.

டேய், குடும்பத்த, பெல்ட்ல தட்டு சுத்தி வர்ற சூஷி கடைக்கு கூட்டிட்டு போ, பசங்க ஐஸ்க்ரீமும் தின்னுக்கும். நீ மட்டும் வர்றதா இருந்தா சாயந்திரம் கடை தொறந்த உடனே வா, அந்த தாத்தா கோஷ்டி ஏழு மணிக்கு மேலதான் வரும். கேஷ் எடுத்துட்டு வா. சோத்த சோயா சாஸ்ல முக்காத, மீன் பக்கமா லேசா தொட்டுக்கோ, அவர் பாத்துட்டே இருப்பாரு.