விடியற்காலைச் சமையலா, முன்னேற்பாட்டுச் சமையலா: மதிய டப்பா குறித்த ஓர் ஒப்பீடு

எங்கள் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி வேன் காலை 7.10-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். மதிய உணவு மணி 12.40-க்கு அடிக்கும். இடையில் உள்ள ஐந்தரை மணி நேரத்தை எந்த அம்மாவாலும் எந்த அடுப்பாலும் சுருக்க முடியாது. ஆகவே விடியற்காலை எழுந்து சமைத்தாலும் முதல் நாள் இரவே முக்கால் பங்கு வேலையை முடித்து வைத்தாலும், பிள்ளை உண்பது எப்போதோ ஆக்கி வைத்த உணவைத்தான். இதை ஒப்புக்கொண்ட பிறகு எந்த முறை மேலானது என்று பேசினால் பேச்சு ஒழுங்காக நடக்கும். ஆனால் நம் வீடுகளில் அது எப்போதும் வேறோர் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: "நேத்து வெச்சதையாம்மா குழந்தைக்குக் கட்டுற?"

இந்தக் கேள்வியை என் மாமியார் கேட்டார். பிறகு ஒரு வளைகாப்பு வீட்டில், பந்தியில் எதிரே அமர்ந்திருந்த தூரத்து உறவினர் ஒருவர், என்னிடம் கேட்காமல் என் மகளிடம் கேட்டார். பள்ளியிலிருந்தும், அன்றன்று சமைத்த உணவை மட்டும் அனுப்புமாறு அச்சிட்ட சுற்றறிக்கை ஒன்று வந்தது. மூன்றும் ஒரே பருவத்துக்குள் நடந்ததால், நான்கு வாரங்கள் வெவ்வேறு முறைகளில் டப்பா கட்டிப் பார்த்து, நேரத்தையும் மாலையில் திரும்பி வந்த டப்பாவின் நிலையையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். பின்வருவது பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து எழுதியதுதான்.

முதல் வாரம் முழுவதும் அன்றன்று விடியலில் சமைத்தேன். 4.45-க்கு எழுந்து, அரிசி பருப்பு களைந்து குக்கர் வைத்து, காய் நறுக்கி, தாளித்து, டப்பாவை மூடும்போது மணி 6.40 ஆகியிருக்கும். நடுவில் மகளை எழுப்புவதும் பால் காய்ச்சுவதும் உண்டு என்றாலும், சமையலுக்கு மட்டும் சராசரியாக ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது. இந்த முறையின் பெரிய பலம் வீடு முழுவதும் பரவும் தாளிப்பு மணம். அதை முகர்ந்த எவரும் குறை சொல்வதில்லை. அதன் குறையை நான் வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்: ஐந்து நாளில் மூன்று நாள் எலுமிச்சை சாதம் கட்டியிருந்தேன். தூக்கக் கலக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சமைப்பவருக்குக் கை தானாகப் போவது எலுமிச்சம்பழத்திடமும் உருளைக்கிழங்கிடமும்தான். ‘புதிதாகச் சமைத்தது’ என்ற பெருமை இருந்ததே தவிர, காய் வகை என்று பார்த்தால் நான்கு வாரங்களில் மிக வறண்ட வாரம் அதுதான்.

இன்னொரு குறையை டப்பாவைத் திறந்து பார்த்தால்தான் அறியலாம். 6.35-க்கு வாணலியிலிருந்து இறக்கிய பீன்ஸ் பொரியலை 6.40-க்கு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மூடினால், ஆவி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, வேன் குலுங்கக் குலுங்கப் பொரியலின் மேலேயே சொட்டுகிறது. நண்பகலில் அது பொரியலாக இருப்பதில்லை. தண்ணீர் விட்ட, இலேசாக நொதித்த வாடையுள்ள, தேங்காய்ப்பூ வழவழத்த ஒன்றாக இருக்கிறது. மகள் பாதியை மிச்சம் வைத்துக் கொண்டு வந்த நாள்களில் பெரும்பாலும் காரணம் இதுவே. இதற்கு நேற்றைய உணவு காரணமன்று. இன்றைய அவசரமே காரணம்.

இரண்டாவது வாரம், அடியோடு எதிர்முனைக்குப் போய், எல்லாவற்றையும் முதல் நாள் இரவே சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் சூடாக்கி மட்டும் கட்டினேன். காலை வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. குருமாவும் கொண்டைக்கடலை மசாலாவும் நன்றாகவே இருந்தன. வத்தக்குழம்பு ஒரு படி மேலே போயிற்று. புளிப்பும் காரமும் ஒன்றுக்குள் ஒன்று இறங்க ஓர் இரவு வேண்டும் என்பது வத்தக்குழம்பு வைக்கும் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் மீன் குழம்பின் ருசியைச் சொல்லிச் சொல்லி மாளாத ஊர் இது; அந்த நாக்குகள்தான் டப்பா விஷயத்தில் மட்டும் முதல் நாளைப் பழிக்கின்றன என்பது எனக்கு இன்றுவரை வேடிக்கையாக இருக்கிறது. சப்பாத்தி மட்டும் தோற்றது. சூடாக்கியபோது மிருதுவாக இருந்தது, நண்பகலில் அப்பளம் போல விறைத்தது.

இந்த வாரத்தின் உண்மையான சிக்கல் சோறு. இங்கே என் மாமியாரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வேகும் கொதியிலும் சாவதில்லை. வெந்த சோற்றை வெளியே ஆறவிட்டு மறந்துவிட்டால் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் ஒரு வகை உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்து வையுங்கள், அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரவு எட்டு மணிக்கு வடித்த சோற்றைப் பாத்திரத்தோடு மேடையில் வைத்துவிட்டு, தொலைக்காட்சி பார்த்து முடித்துப் பத்தரைக்கு உள்ளே வைத்தால், அந்த இரண்டு மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். மின்தடை வந்த இரவென்றால் சொல்லவே வேண்டாம். நான் சோற்றை அகலத் தட்டில் பரப்பி விரைவாக ஆற்றித்தான் உள்ளே வைத்தேன். அப்படியும், மறுநாள் வெளியே எடுத்துச் சூடாக்கி மீண்டும் ஆறு மணி நேரம் டப்பாவில் கிடக்க விடுவது எனக்கு ஒப்பவில்லை. எனவே இந்த முறைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண், சோறு இல்லாத நாள்களில் நல்ல மதிப்பெண். சோறு உள்ள நாள்களில் சுழியம்.

ஆனால் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு முதல் முறையிடமும் போக வேண்டும் அல்லவா? காலை ஆறரைக்கு வடித்த சோறு, சாதாரண எவர்சில்வர் டப்பாவில், சென்னை வெயிலில், பிற்பகல் பன்னிரண்டே முக்கால் மணி வரை இருக்கும் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இல்லை, 60 டிகிரிக்கும் மேலே இல்லை. இரண்டு மணி நேர விதியை அதுவும் மீறத்தான் செய்கிறது. அன்றன்று சமைத்தது என்ற சொல் அந்த விதியிலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்துவிடாது. இந்தச் சிக்கலை நம் பாட்டிமார் வெப்பமானி இல்லாமலேயே கையாண்டிருக்கிறார்கள். கட்டுச்சோறு என்றால் அது புளிச்சோறாகவோ தயிர்ச்சோறாகவோ இருந்தது தற்செயலன்று. புளிப்பு, நுண்ணுயிரிகளின் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். சாம்பார் சாதமும் தேங்காய் சாதமும் வழிக்கு எடுத்துச் செல்லும் பண்டங்களாக ஆகாததற்குக் காரணம் அவற்றில் ருசி குறைவு என்பதன்று. சாம்பார் சாதம்தான் அனுப்ப வேண்டுமென்றால், வெப்பம் காக்கும் குடுவையில் கொதிநீரைப் பத்து நிமிடம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கப் பறக்க நிரப்பி அனுப்புவது ஒன்றே வழி.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் நான் பின்பற்றியதும், இப்போது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டதும் இடைவழி. ஞாயிறு பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்படி புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், வெங்காயம் தக்காளி வதக்கிய தொக்கு ஒரு டப்பா, பருப்புப் பொடி, வேகவைத்த கொண்டைக்கடலை சிறு பொட்டலங்களாகப் பிரித்து உறைபெட்டியில் என்று முடித்துவிடுகிறோம். இரவில் மறுநாள் காயை நறுக்கி, ஈரம் துடைத்து, துணி விரித்த டப்பாவில் வைப்பது மட்டும் வேலை. பீன்ஸ், கேரட், கோஸ் இதற்கு ஒத்துழைக்கும்; வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்துவிடும், அவற்றைக் காலையில்தான் நறுக்க வேண்டும். நறுக்கி வைத்த காயில் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் நறுக்க நேரமில்லாமல் போடாமலே விட்ட காயில் அது எவ்வளவு கிடைக்கும் என்று முதல் வாரத்து எலுமிச்சை சாதத்திடம்தான் கேட்க வேண்டும். சோறு மட்டும் காலையில் வடிக்கிறேன். தேங்காயும் காலையில்தான் துருவுகிறேன், அதுவும் டப்பாவுக்கு அளவாகத்தான். தயிர் சாதத்துக்கு, குழைய மசித்த சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது காய்ச்சிய பாலும் ஒரு கரண்டித் தயிரும் விட்டு அனுப்பினால், மணி அடிக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்த இளம்புளிப்பில் அது தோய்ந்திருக்கும். இதெல்லாம் சேர்ந்து காலையில் முப்பத்தைந்து நிமிடம். ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் போதும்.

நான்காவது வழி ஒன்றும் உண்டு, பள்ளியிலேயே உண்பது. எங்கள் மகளின் பள்ளியில் அந்த ஏற்பாடு இல்லாததால் நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் ‘சமைத்த சூட்டோடு’ என்பதுதான் உயர்ந்த அளவுகோல் என்று வாதிடுபவர்கள் அரசுப் பள்ளி சத்துணவுக் கூடத்தைத்தான் முதலில் வைத்துப் பாட வேண்டும். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிப் பார்த்த திட்டம், 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமாகி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் பள்ளி வளாகத்திலேயே காலையில் அடுப்பு மூட்டி, நண்பகலில் முட்டையோடு பரிமாறும் அந்தச் சோற்றைப் போல அடுப்பிலிருந்து தட்டுக்கு விரைவாக வரும் உணவு, தனியார் பள்ளிக்கு டப்பா கட்டும் எந்த வீட்டிலும் இல்லை. இருந்தும், புதிய உணவின் பெருமை பேசும் நடுத்தர வகுப்புக் கூட்டங்களில் சத்துணவின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

இதிலிருந்துதான் எனக்கு ஓர் ஐயம் வலுத்தது. இந்தத் தீர்ப்புகள் உணவின் வயதைப் பார்த்து வருபவை என்றால், மூன்று நாள் புளித்த இட்லி மாவையும் ஆண்டு முழுவதும் கிடக்கும் வடுமாங்காயையும் கூட அவை தொட்டிருக்க வேண்டும். மாவரைத்து வைப்பது கெட்டிக்காரத்தனம். தொக்கு வதக்கி வைப்பது சோம்பேறித்தனம். இரண்டும் முன்னேற்பாடுதான், இரண்டும் குளிர்பதனப் பெட்டியில்தான் இருக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான்: மாவு அரைத்த வீட்டிலும் காலையில் ஒருத்தி அடுப்படியில் நின்று இட்லி ஊற்றுவதைப் பார்க்க முடிகிறது. தொக்கு வதக்கிய வீட்டில் அவள் ஐந்தே முக்கால் வரை தூங்குகிறாள். இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடங்களைச் செலவிட்டார்கள். அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 299-இல் நாற்பத்தைந்து நிமிடம் குறைந்ததைத்தான் பந்தியில் எதிரே இருந்தவர் மோப்பம் பிடித்தார் என்று நினைக்கிறேன்.

நான்காவது வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து, செவ்வாயும் புதனும் என் கணவர் டப்பா கட்டினார். ஞாயிறன்று நான் வதக்கிய அதே தொக்கு, அதே பொட்டலத்துக் கொண்டைக்கடலை. அவர் செய்தது சோறு வடித்துக் கிளறியது மட்டுமே. வளைகாப்பு வீட்டில் கேட்ட அதே உறவினர் தொலைபேசியில் இதைக் கேள்விப்பட்டு, "பாவம், எவ்வளவு பொறுப்பு அந்தப் பிள்ளைக்கு" என்றார். அந்த இரண்டு நாளும் டப்பா காலியாக வந்தது என்பதையும் நேர்மையாக நோட்டில் எழுதியிருக்கிறேன்.

சுற்றறிக்கைக்கு நான் எழுதிய பதிலில், எந்தப் பண்டம் எப்போது சமைத்தது என்பதை வரிசையாகக் குறித்து, சோறும் தேங்காயும் அன்றன்றைக்கு உரியவை என்பதைத் தனியாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மாமியாரிடம் எழுத்து வேலைக்காகாது. "அத்தை, சோறு காலையிலதான் வடிக்கிறேன், வந்து பாருங்க" என்று ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் புளிக்காய்ச்சலை ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, எண்ணெய் போதாது, மேலே ஒரு விரற்கடை நின்றால்தான் வாரம் தாங்கும் என்றார். அவர் சொன்னது சரி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புளி கரைப்பது அவர். எண்ணெய் அளவும் அவர் பொறுப்பு.

காலையில் என் வேலைகளில் மிக நீண்டது, வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஆவி அடங்கக் காத்திருந்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைவது. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். மூடியின் உட்புறத்தில் இப்போது முத்து கோப்பதில்லை.